சாமுராய் வாளா, சார்ஜன் வாளா?

“எங்க வீட்டுல ஒரு சாமுராய் கத்தி இருக்கு. ஜப்பான்காரன் ஜெனரலோடது. அத வச்சு நூறு தலைய வெட்டியிருக்கான்.”

செரண்டா சுற்றுவட்டாரத்தில் இந்த மூன்று வாக்கியங்களையும் இதே வரிசையில் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் வேலை பார்க்கும் வானொலியில் ஒருநாள், ஜப்பான்காரன் காலத்து நினைவுகளைப் பகிரச் சொல்லி நேயர்களை அழைத்தோம். மரவள்ளிக்கிழங்கு, வாழைமர நோட்டு, சயாம் ரயில் என்று வந்த அழைப்புகளுக்கு நடுவே நான்கு பேர் வாளைப் பற்றிப் பேசினார்கள். நான்குமே ஜெனரல் வாள். மலாயாவில் இத்தனை ஜெனரல்கள் இருந்தார்களா, இருந்தாலும் இப்படியா வாளைத் தொலைத்துவிட்டுப் போவார்கள் என்ற சந்தேகத்தில்தான் தேடத் தொடங்கினேன்.

ஆறு ஆண்டுகள் ஆகின்றன. யார் வீட்டிலாவது ஜப்பானிய வாள் இருப்பதாகக் காதில் விழுந்தால் சனிக்கிழமை மாலை காரை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். செரண்டா, சுங்கை சோ, பத்தாங் காலி, கோல குபு பாரு, அந்தப் பக்கம் பெஸ்தாரி ஜெயா, கோல சிலாங்கூர் என்று இதுவரை பதினான்கு வாள்களைக் கையில் எடுத்துப் பார்த்தாயிற்று. சாமுராய் வாள் ஒன்றுகூட இல்லை. ஜெனரல் வாளும் இல்லை. ஐந்து போலி. இரண்டு அதிகாரிகளின் வாள். மீதி ஏழும் சார்ஜன் வாள்.

இதைச் சொன்னதும் வீட்டார் முகம் விழுந்துவிடும். ஜாதகம் பொருந்தவில்லை என்று சொன்ன தரகரைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்ப்பார்கள். அப்படியே எழுந்து வந்துவிட மனம் வராது. எப்படிச் சொல்கிறேன் என்று விளக்கிக் காட்டுவேன். அந்த விளக்கத்தைத்தான் இங்கே எழுதப் போகிறேன், கொஞ்சம் கிளைக்கதைகளோடு.

முதலில் இந்த சாமுராய் விவகாரம். ஜப்பானில் சாமுராய் என்ற வகுப்பே 19ஆம் நூற்றாண்டில் ஒழிந்துபோனது. பொது இடத்தில் வாள் அணிந்து நடக்க 1876இல் அரசே தடை போட்டது. ராணுவத்துக்கும் போலீசுக்கும் விலக்கு. புதிதாக உருவான ராணுவம் கோட்டு, தொப்பியோடு வாளையும் ஐரோப்பாவைப் பார்த்து மாற்றிக்கொண்டது. கைவிரல்களை மறைக்கும் வளைந்த காப்புடன், வெள்ளைக்காரத் தளபதிகளின் படங்களில் இருப்பதுபோன்ற வாள் அது. 1930களில் தேசிய வெறி தலைக்கேறியபோதுதான் முன்னோர் பாணி மீண்டும் வேண்டும் என்று ஆசை வந்தது. 1934இல் அதிகாரிகளுக்குப் பழைய பாணியில் 94 ரக வாள். 1935இல் சார்ஜன் நிலையில் உள்ளவர்களுக்கு 95 ரகம். 1938இல் அதிகாரிகளுக்கு மீண்டும் ஒரு மாற்றம், 98 ரகம்.

இந்த 94, 95, 98 எங்கிருந்து வந்தன என்பது நம்மவர்களுக்கு எளிதில் புரியும். ஜப்பானியப் பேரரசு ஆண்டுக் கணக்கில் 1934 என்பது 2594. கடைசி இரண்டு இலக்கங்கள்தான் ரகத்தின் பெயர். மலாயாவுக்கு வந்ததும் நம் மீதும் அதே கணக்கைத் திணித்தார்கள். அக்காலத்துக் கடிதம், பத்திரிகை எதிலாவது 2602 என்று பார்த்தால் அது 1942. பாட்டி தன் தம்பி பிறந்த வருடத்தை 2603 என்று சொன்னபோது சின்ன வயதில் நாங்கள் சிரித்திருக்கிறோம்.

அந்த 2602இன் தொடக்கத்தில் செரண்டாவில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜனவரி 7இல் சிலிம் ரிவரில் ஜப்பானிய டாங்கிகள் பிரிட்டிஷ் இந்தியப் படையைச் சிதறடித்தன. அங்கிருந்து கோலாலம்பூர் வர ஒரே பெரிய சாலை; அது செரண்டா வழியாகத்தான் வருகிறது. 10ஆம் தேதி செரண்டாவில் சண்டை. 11ஆம் தேதி கோலாலம்பூர் விழுந்தது. எதிர்த்து நின்றவர்களில் கூர்க்காக்களும் இருந்தார்கள், வட இந்தியர்களும் இருந்தார்கள். தோட்டத்துச் சனம் பால்மரக் காட்டுக்குள் ஒளிந்திருந்தது. துரைமார்கள் அதற்கு முன்பே கிளம்பிவிட்டார்கள். பிறகு மூன்று ஆண்டு எட்டு மாதம்.

இப்போது வாள்.

ஒரு ஜப்பானிய வாளைக் கொண்டுவந்து வைத்தால் நான் முதலில் பார்ப்பது கைப்பிடியை. பட்டு நாடாவோ பருத்தி நாடாவோ குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றியதுபோல் வைர வைரமாகத் தெரியும். விரல் நகத்தால் நாடாவின் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். தூக்க வரவில்லையா, முழுக் கைப்பிடியும் ஒரே வார்ப்பா, பெயின்ட் உதிர்ந்த இடத்தில் வெள்ளி நிறம் பளிச்சிடுகிறதா? அது அலுமினியம். நாடாவும் அடியில் இருக்கும் திருக்கைத் தோலும் வெறும் அச்சு, மேலே வர்ணம். 95 ரகத்தின் கைப்பிடி அப்படித்தான் இருக்கும். இதே ரகத்தில் ஆரம்பத்தில் செம்புக் கைப்பிடி போட்டார்கள். போரின் கடைசியில் உலோகம் தட்டுப்பட்டபோது, கட்டம் கட்டமாகக் கீறிய வெறும் மரக்கட்டைதான்.

அடுத்து கைப்பிடிக்கு அருகே, வாள் தகட்டின் மேல் எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 95 ரகத்தில் 1, 2, 3 என்று நாம் எழுதும் அதே எண்களில் வரிசை எண் அச்சடிக்கப்பட்டிருக்கும். உறையிலும் எண் உண்டு. இரண்டும் ஒத்துப்போனால் அந்த வாளும் உறையும் பிறந்தது முதல் ஒன்றாக இருப்பவை. தகட்டின் இரு பக்கமும் நீளமாக ஒரு பள்ளம் ஓடும். அதை இரத்தம் வடிவதற்கான வாய்க்கால் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். உண்மையில் எடையைக் குறைக்கத்தான் அந்தப் பள்ளம். கைப்பிடியைத் தகட்டோடு பிணைப்பது திருகாணி. கைப்பிடிக்கும் காப்புத் தட்டுக்கும் நடுவே உள்ள உலோக வளையத்தில் சிறு முத்திரைகள் இருக்கும். டோக்கியோ, நகோயா, கொக்குரா ஆயுதச்சாலைகள் தங்கள் ஊர்ப் பெயரின் முதல் எழுத்தைப் பொறித்தன. பக்கத்தில் சோதனை செய்தவரின் முத்திரை.

ஆக, இது இயந்திரம் செய்த, எண் போட்ட, அரசாங்கச் சொத்து. சார்ஜன் வேலையை விட்டுப் போனால் திருப்பிக் கொடுக்க வேண்டிய சாமான். தோட்டத்தில் மண்வெட்டிக்கு நம்பர் அடித்து ஸ்டோரில் கணக்கு வைப்பார்களே, அதே ஏற்பாடு. இதைக் கேட்டுத்தான் பலருக்கு மனம் உடைகிறது. எனக்கு நேர்மாறாக, அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் ஆர்வமே வந்தது. ஜெனரல்கள் நம் லயத்துக்கு வரவில்லை. பெரட்டுக்களத்தில் வந்து நின்று, சயாமுக்கு ஆள் எடுத்தபோது இடுப்பில் தொங்கிய வாள் இந்த ரகமாகத்தான் இருந்திருக்கும்.

அதிகாரிகளின் வாள் வேறு கதை. அதை அவரவர் சொந்தக் காசில் வாங்க வேண்டும். பணமுள்ளவர் நல்ல கொல்லரிடம் செய்வித்தார், பரம்பரை வாள் இருந்தவர் அதன் பழைய தகட்டுக்கு ராணுவக் கைப்பிடியும் உறையும் போட்டுக்கொண்டார், மற்றவர்கள் கடையில் கிடைத்ததை வாங்கினார்கள். 1933இல் டோக்கியோ யாசுகுனி ஆலய வளாகத்தில் அதிகாரிகளுக்கென்றே ஒரு வாள் பட்டறை தொடங்கினார்கள். போர் முடியும்வரை சுமார் 8,100 வாள்கள் அங்கே அடிக்கப்பட்டன. ஆனால் பெருவாரியான வாள்கள் கிஃபு மாநிலத்தின் செக்கி ஊரிலிருந்து வந்தன. அந்த ஊரில் இன்றும் கத்தி, கத்தரிக்கோல்தான் தொழில்.

அதிகாரி வாளின் கைப்பிடியில் நாடா உண்மையான நாடா. இடுக்கில் தெரிவது மணி மணியாகச் சொரசொரக்கும் நிஜமான திருக்கைத் தோல். கைப்பிடியின் நடுவே சிறிய மூங்கில் ஆணி ஒன்று இருக்கும். அதைப் பதமாகத் தட்டி வெளியே எடுத்தால் கைப்பிடி கழன்று வரும். உள்ளே தகட்டின் வால் பகுதி தெரியும். வாளின் பிறப்புப் பத்திரம் அங்கேதான் இருக்கிறது. ஒரு பக்கம் கொல்லரின் பெயர், மறுபக்கம் தேதி. ஷோவா 17 என்று இருந்தால் 1925ஐக் கூட்டிக்கொள்ளுங்கள், 1942. பேரரசு ஆண்டு வேறு, மன்னர் ஆண்டு வேறு; இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பெயருக்கு மேலே செக்கி முத்திரையோ ஷோவா முத்திரையோ இருந்தால் பாரம்பரிய முறையில் செய்யாத வாள் என்று பெரும்பாலும் கொள்ளலாம். நட்சத்திர முத்திரை இருந்தால் ராணுவம் அங்கீகரித்த கொல்லர், பழைய முறையில் அடித்தது.

கைப்பிடியில் தொங்கும் குஞ்சம் பதவியைச் சொல்லும். நீலமும் பழுப்பும் என்றால் லெப்டினன்ட், கேப்டன். சிவப்பும் பழுப்பும் என்றால் மேஜர் முதல் கர்னல் வரை. சிவப்பும் தங்கமும் இருந்தால்தான் ஜெனரல். அந்தச் சிவப்புத் தங்கத்தை நான் இதுவரை புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறேன். குஞ்சத்தை மாற்றிக் கட்டுவது இரண்டு நிமிட வேலை என்பதையும் நினைவில் வையுங்கள்.

நான் பார்த்த இரண்டு அதிகாரி வாள்களில் ஒன்று கோல குபு பாருவில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டில் இருக்கிறது. அவருடைய அப்பா தோட்டத்துக் கிராணி. வெள்ளைக்காரத் துரை ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனாராம். மூங்கில் ஆணியைத் தட்டி வாலைப் பார்த்தோம். கொல்லர் பெயர் இல்லை. நீளமாக ஒரு வாசகம். படம் எடுத்து ஜப்பானிய மொழி கற்பிக்கும் தோழி ஒருவருக்குப் புலனத்தில் அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. “ஆசியாவை எழுப்ப ஒரே மனம். மன்தெத்சு செய்தது.”

மன்தெத்சு என்றால் தென் மஞ்சூரிய ரயில்வே கம்பெனி. மஞ்சூரியாவை ஜப்பான் விழுங்கியதில் இந்தக் கம்பெனிக்குப் பெரிய பங்கு உண்டு. ரயில் ஓட்டிய கம்பெனி, கடும் குளிரிலும் உடையாத எஃகில் வாளும் செய்தது. சேகரிப்பாளர்கள் மத்தியில் மன்தெத்சு வாளுக்கு நல்ல மதிப்பு. ஆசிரியருக்கும் மகிழ்ச்சி. நான் மட்டும் அந்த வாசகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆசியா, ஒரே மனம். இதே பேச்சைப் பேசித்தான் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் நடுவே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனார்கள். பெரும்பாலும் தோட்டத்துத் தமிழர்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தபோது எத்தனை பேர் உயிரோடு இருந்தார்கள் என்பதற்கு இன்றுவரை எல்லோரும் ஒப்புக்கொள்ளும் கணக்கு கிடையாது. போர்க்கைதிகளாக இறந்த வெள்ளைக்காரர்களுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன.

எங்கள் குடும்பத்திலும் ஒருவர் போனார், என் கொள்ளுத்தாத்தாவின் தம்பி. அதனால்தான் இந்தப் பித்து என் வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை. ஒரு முறை நண்பர் ஒருவர் தன்னிடமிருந்த வாளைச் சும்மாவே தருவதாகச் சொன்னார். அம்மா ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்: “போனவரு திரும்பி வரல, அவனுங்க கத்தி மட்டும் நம்ம வீட்டுக்குள்ள வரணுமா?” என்னிடம் இருப்பது ஒரு நோட்டுப் புத்தகம். வாளின் படம், எண், முத்திரை, அதை வைத்திருப்பவர் சொன்ன கதை. வாள் சேகரிப்பவர்கள் இதைச் சேகரிப்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அம்மா சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் எல்லாத் தமிழ்க் குடும்பங்களுக்கும் அந்தக் காலம் ஒரே மாதிரி இருந்ததாகச் சொல்லிவிடவும் முடியாது. 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்த பிறகு தோட்டத்து இளைஞர்கள் இந்திய தேசிய ராணுவத்திலும், பெண்கள் ஜான்சி ராணிப் படையிலும் சேர்ந்தார்கள். அண்ணன் சயாமுக்கு, தம்பி நேதாஜி படைக்கு என்று பிரிந்த வீடுகளை இந்த வட்டாரத்திலேயே எனக்குத் தெரியும். அப்படி ஒரு வீட்டில் ஜப்பானிய வாளைப் பற்றிக் கேட்டால், தாத்தா ஒரு மாதிரியும் பாட்டி வேறு மாதிரியும் பேசுவார்கள். சீனக் குடும்பங்களிடம் கேட்கவே எனக்குத் தயக்கம். 1942இன் முதல் மாதங்களில் அவர்கள் பட்டது அப்படி.

போலிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் பணம் இருக்கிறது. ரவாங்கில் ஓர் இளம் பொறியாளர் இணையத்தில் மூவாயிரம் வெள்ளி கொடுத்து வாங்கிய 95 ரக வாளைக் காட்டினார். உறையிலிருந்து உருவியதுமே புதுப் பெயின்ட் வாடை. எண்கள் ஒன்றுக்கொன்று உயரத்தில் ஒத்துப்போகவில்லை. ஒரே அச்சில் அடித்த எண் அப்படித் தடுமாறாது. பள்ளத்தின் ஓரம் கோணல்மாணல். அதிகாரி வாள் என்று விற்கும் போலிகளில் தகட்டின் விளிம்போரம் அலை அலையாக வெள்ளைக் கோடு பளிச்சென்று இருக்கும். அமிலம் தடவிப் போட்டது. நிஜமான அலைக்கோடு எஃகைச் சூடாக்கிக் குளிர்விக்கும்போது உள்ளேயே உண்டாவது. வெளிச்சத்தில் வாளைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தால்தான் அது மெல்லத் தெரியும். திருக்கைத் தோலுக்குப் பதில் பிளாஸ்டிக். வாலில் செங்கல் நிறத் துரு. எண்பது ஆண்டுத் துரு கறுப்பாக, வழவழப்பாக இருக்கும்.

அந்தத் துருவைத் தேய்க்கக் கூடாது என்று போகிற இடமெல்லாம் கெஞ்சுகிறேன். வாலில் உள்ள துருதான் வயதுக்குச் சாட்சி. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்து நீட்டுகிறார்கள். பெயரும் போயிருக்கும், தேதியும் போயிருக்கும். தகட்டுக்கு மெல்லிய துணியில் தையல் மெஷின் எண்ணெய் லேசாகத் தடவினால் போதும். ஜப்பானியர்கள் கிராம்பு எண்ணெய் கலந்து பூசுவார்கள். வெறும் விரலால் தகட்டைத் தொட வேண்டாம், வியர்வை உப்பு இரண்டே நாளில் ரேகையாகப் பதிந்துவிடும். கூர் பார்க்கிறேன் என்று கட்டை விரலை வைப்பவர்களுக்கு நான் தனியாக எதுவும் சொல்வதில்லை.

எண்ணெய், துரு எல்லாம் செல்லாத இடம் ஒன்று உண்டு. கோல சிலாங்கூர் மாவட்டத்தில் செம்பனைக்கு நடுவே ஒரு மதுரை வீரன் கோயில். தோட்டத்து லயங்கள் இடிபட்டு, குடும்பங்கள் போய்விட்டன; சாமி மட்டும் நிற்கிறார். சாமி கையில் 95 ரக வாள். கைப்பிடியில் சந்தனம், மஞ்சள், குங்குமம். அதன் அடியில் அலுமினியம் மின்னுகிறது. வாள் முனையில் எலுமிச்சம்பழம். ஜப்பான்காரன் போன புதிதில் யாரோ கொண்டுவந்து வைத்ததாகப் பூசாரி சொன்னார். “கெட்டவன் கையில இருந்தத நல்லவர் கையில குடுத்துட்டாங்க” என்றார். அந்த விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் எழுபது எண்பது வருட எலுமிச்சைச் சாறு முனையை அரித்து நூலாக்கியிருந்தது. துடைத்து எண்ணெய் போடலாமா என்று கேட்டேன்.

“சாமி கையில இருக்கறத நான் எப்படி தம்பி புடுங்கித் தொடைக்கிறது?”

அவர் கேட்டதும் சரிதான். அடுத்த முறை போனபோது எலுமிச்சம்பழம் பக்கத்தில் இருந்த அரிவாளுக்கு மாறியிருந்தது. நானும் அதைப் பற்றிப் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

வாள்கள் நம்மிடையே எப்படித் தங்கின என்று இளையவர்கள் கேட்கிறார்கள். 1945 ஆகஸ்ட் 15இல் ஜப்பான் சரணடைந்ததாக அறிவித்தது. பிரிட்டிஷ் இந்தியப் படை மோரிப் கடற்கரையில் இறங்கியது செப்டம்பர் 9ஆம் தேதி. இடையில் மூன்று வாரத்துக்கு மேல் ஊரை ஆள முறையான ஆள் இல்லை. செப்டம்பர் 13இல் கோலாலம்பூர் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளியில் சரணடையும் சடங்கு நடந்தது. ஜப்பானிய அதிகாரிகள் 25ஆவது இந்தியப் படைப்பிரிவிடம் வாளை ஒப்படைக்கும் கோலாலம்பூர்ப் புகைப்படம் ஒன்று உண்டு. வாளை எல்லோர் முன்னிலையிலும் பறிப்பது வேண்டாத அவமானம் என்று மெக்கார்தர் நினைத்தார். அந்த அவமானம் வேண்டும் என்று மவுண்ட்பேட்டன் அடம்பிடித்தார். பர்மாவில் வென்ற ஜெனரல் ஸ்லிம்முக்கும் அதே கட்சி. தன்னிடம் தோற்ற கிமுராவின் வாளைத் தன் வீட்டில் வைத்திருந்தார்.

அவை கணக்கில் வந்த வாள்கள். கணக்கில் வராதவை ஆற்றில் போயின, குழியில் போயின, ஒரு சாரோங்குக்கோ ஒரு கூடைக் கிழங்குக்கோ கைமாறின. மூன்றே ஆண்டில் அவசரகாலம் வந்தது. துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு என்ற நிலை. 1948 டிசம்பரில் பக்கத்துப் பத்தாங் காலியில் 24 கிராமத்தவர்களை பிரிட்டிஷ் வீரர்கள் சுட்டுக் கொன்ற பிறகு, இந்த வட்டாரத்தில் ஆயுதம்போல் தோன்றிய எதையும் வீட்டில் வைக்க யாருக்கும் துணிச்சல் இல்லை. புதைத்தார்கள், வெட்டிச் சுருக்கிப் பாராங் ஆக்கினார்கள்.

இன்றைய சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். தக்க காரணமின்றிப் பொது இடத்தில் தாக்குதல் ஆயுதம் வைத்திருந்தால், 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து முதல் பத்து ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. நண்பருக்குக் காட்டலாம் என்று கார் பூட்டில் போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள். படம் எடுத்து அனுப்புங்கள். தெரிந்தவரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா என்று குழப்பமிருந்தால் முதலில் ஒரு வழக்கறிஞரையோ அருங்காட்சியகத்தையோ கேளுங்கள். ஜப்பானுக்கே திருப்பி அனுப்பிவிடலாம் என்று சிலர் நல்லெண்ணத்தில் சொல்வார்கள். பாரம்பரிய முறையில் அடித்த வாளுக்கு மட்டும்தான் அங்கே பதிவு கிடைக்கும். சார்ஜன் வாள் போய்ச் சேர்ந்தால் அழித்துவிடுவார்கள்.

நோட்டுப் புத்தகத்தில் இருக்கும் பதினான்கில் எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால், முனை இல்லாத ஒரு வாளைச் சொல்வேன்.

சுங்கை சோவில் ஒரு தாமான் வீடு. பேரன் பெரொடுவா தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். டைஹட்சு கூட்டில் உருவான கம்பெனி அது. பயிற்சிக்கு ஜப்பான் போய்வந்தவர். வழக்கமான மூன்று வாக்கியங்களைச் சொல்லித்தான் என்னை அழைத்தார். துணியைப் பிரித்தால் முக்கால் வாள். முன்பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. அலுமினியக் கைப்பிடியில் வர்ணம் துளிகூட இல்லை. பிடித்துப் பிடித்தே தேய்ந்திருந்தது. விளிம்பு முழுக்கப் பல் பல்லாக. உறை இல்லை. ஐந்து இலக்க எண் மட்டும் தெளிவாக இருந்தது. வாங்க வந்த கோலாலம்பூர் வியாபாரி ஒருவர் ஐம்பது வெள்ளிகூடப் பெறாது என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

நான் என் பாட்டுக்கு, இது சார்ஜன் வாள், இயந்திரத் தயாரிப்பு என்று விளக்கிக்கொண்டிருந்தேன். சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கிடந்த தாத்தா, எண்பத்தாறு வயது, கண்ணைத் திறக்காமலே பேசினார்.

“அவரு சரியாத்தான் சொல்றாரு. ஜெனரல்னு உங்கப்பன்தான் கத கட்டுனான்.”

பிறகு மெதுவாகக் கதை வந்தது. அவருடைய அப்பா பால்மரம் வெட்டியவர். பெரியப்பாவை 2603இல் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். ஜப்பான்காரன் தோற்ற செய்தி வந்த வாரத்தில், ரப்பர் சீட்டு உலர்த்தும் புகைவீட்டில், அடுக்குக்குப் பின்னால் அந்த வாள் கிடந்தது. யார் போட்டது, ஏன் போட்டது என்று எவருக்கும் தெரியாது. அப்பா அதை எடுத்து வந்து முனையை அறுத்துவிட்டுப் பெரியம்மாவிடம் கொடுத்தார். புருஷன் இல்லாத வீட்டில் விறகு பிளக்க ஆயுதம் வேண்டும் அல்லவா?

“பெரியம்மா அதுலதான் வெறகு வெட்டுனாங்க. தேங்கா ஒடைச்சாங்க. மூங்கி பொளந்து ஆட்டுக் கொட்டா கட்டுனாங்க. நான் பாத்து நாப்பது வருசம் வெட்டுனாங்க தம்பி. தலையெல்லாம் யாரும் வெட்டல.”

பெரியப்பா திரும்பவே இல்லை. பெரியம்மா தாலியைக் கழற்றவும் இல்லை. சாகும்வரை அப்படியே இருந்ததாகச் சொன்னார்.

அறையில் யாரும் பேசவில்லை. பேரன் வாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். தாத்தா கையை நீட்டி, அதில் என்ன எண் இருக்கிறது, படித்துச் சொல்லுங்கள் என்றார். படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன்.

“எங்க பெரியப்பாவுக்கும் செக்ரோல்ல ஒரு நம்பர் இருந்துச்சு. அந்தப் பொஸ்தகம்தான் எங்க போச்சோ.”

அவர் பேசியதைப் பேரன் கைத்தொலைபேசியில் பதிவு செய்திருக்கிறார், மொத்தம் நாற்பத்தொரு நிமிடம். பெரியப்பா பெயர், பெரியம்மா பெயர், தோட்டத்தின் பெயர், கொண்டுபோன மாதம், வாளின் எண் எல்லாம் இப்போது ஒரே தாளில் எழுதி வாளோடு சுற்றி வைத்திருக்கிறார்கள். வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டி செய்து மாட்டலாம் என்று பேரனுக்கு ஆசை. தாத்தா ஒத்துக்கொள்ளவில்லை. பெரியம்மா வைத்திருந்ததுபோல் அது சமையலறைக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. நான் போய்த் தடவிய எண்ணெய் மட்டும்தான் புதிது.